ராப்பில் குரல் எடுபடவில்லையா? அறிகுறி பார்த்துக் குறை தீர்க்கும் வழி

"எழுதும்போது தீயாக இருந்தது, பாடினால் அணைந்துவிடுகிறது." ராப் பழகுகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: தன்னம்பிக்கை போதவில்லையாம். நான் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். பலருடைய வரிகளைப் பதிவு செய்து, கேட்டு, திருத்தி வந்ததில் கண்டது இது: துணிச்சல் குறைவு என்று தோன்றுவதில் பெரும்பகுதி எழுதிய தாளிலோ, மூச்சிலோ, ஹெட்ஃபோனிலோதான் இருக்கிறது. அதைச் சரிசெய்ததும் அதே ஆள் அதே குரலில் நிமிர்ந்து பாடுகிறார்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று பதிவுகள் எடுங்கள். போனே போதும். முதல் பதிவில், உங்கள் வெர்ஸை, அதாவது பாட்டில் நீங்கள் ராப் செய்யும் வரித் தொகுதியை, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சும்மா பேசுங்கள். இரண்டாவதில், பீட் (பின்னணித் தாள இசை) இல்லாமல் காலால் தாளம் தட்டிக்கொண்டு ராப் செய்யுங்கள். மூன்றாவதில், பீட்டை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டபடி ராப் செய்யுங்கள்; பதிவில் உங்கள் குரல் மட்டும் இருக்க வேண்டும். மூன்றையும் மறுநாள் கேளுங்கள். பாடிய சூட்டில் கேட்டால் காது ஏமாற்றும். குறை எந்தப் பதிவில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## குரல் தட்டையாக, ஒரே சுருதியில் போகிறது

### பேச்சுப் பதிவில் உயிர் இருக்கிறது, ராப் பதிவில் இல்லை

முதலில் பார்க்க வேண்டியது மனப்பாடம். போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே ராப் செய்தால் கண் அடுத்த வரியைத் தேடும், குரல் சமதளமாகிவிடும். பாத்திரம் கழுவிக்கொண்டோ படியேறிக்கொண்டோ முழு வெர்ஸையும் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே நீங்கள் இன்னும் வரியை நினைவுபடுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதில் உணர்ச்சியைச் சேர்க்க மனதில் இடம் இருக்காது.

மனப்பாடம் சரி என்றால் அடுத்து வரியின் கடைசிச் சொற்களைப் பாருங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் எளிதில் சிக்கும் பொறி இது. நம் மொழியில் வினை கடைசியில் வந்து நிற்பதால், யோசிக்காமல் எழுதினால் இப்படி ஆகிவிடும்:

வாசல் தாண்டி வருகிறேன்
வார்த்தை அள்ளித் தருகிறேன்
வலியை மறந்து சிரிக்கிறேன்
வானம் நோக்கிப் பறக்கிறேன்

இயைபு தானாகக் கிடைக்கிறது. ஆனால் நான்கு வரியும் ஒரே 'கிறேன்'-இல் இறங்குகின்றன. எவ்வளவு திறமை இருந்தாலும் குரல் நான்கு முறையும் ஒரே இடத்தில் விழும். கேட்பவருக்கு மூன்றாவது வரியிலேயே அலுத்துவிடும். வினையை முன்னுக்கு நகர்த்துங்கள்:

வருகிறேன் வாசல் தாண்டி
தருகிறேன் வார்த்தை தோண்டி

இப்போது எதுகை முதல் சொல்லிலும் இயைபு கடைசிச் சொல்லிலும் இருக்கின்றன. வரி முடியும் இடத்தில் பொருளுள்ள சொல் நிற்கிறது, குரலுக்கும் பிடித்து நிற்க ஏதோ கிடைக்கிறது. எல்லா வரியையும் இப்படிப் புரட்ட வேண்டியதில்லை. நான்கு வரியில் இரண்டின் முடிவு மாறினாலே போதும்.

மூன்றாவது சோதனை அழுத்தம். "நான் அவனிடம் கேட்கவில்லை" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான்' என்பதை அழுத்தினால், வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள். 'அவனிடம்' என்பதை அழுத்தினால், நீங்கள் வேறொருவரிடம் கேட்டிருக்கிறீர்கள். 'கேட்கவில்லை' என்பதை அழுத்தினால், கேட்காமலேயே எடுத்துக்கொண்டீர்கள் என்றுகூட ஆகும். உங்கள் வெர்ஸின் ஒவ்வொரு வரியிலும் எந்தச் சொல் எடை தாங்குகிறது என்று அடிக்கோடிடுங்கள், ஒரு வரிக்கு ஒரு சொல். பிறகு பீட்டோடு பாருங்கள். வழக்கமான நான்கு அடித் தாளத்தில் ஸ்நேர் ('டப்' என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்) இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும். அடிக்கோடிட்ட சொல் ஸ்நேரில் விழுகிறதா, அல்லது 'ஆக', 'கொண்டு', 'இருந்த' போன்ற ஒட்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவா? ஒட்டு விழுந்தால் வரியை அரை அடி தள்ளித் தொடங்குங்கள், அல்லது முன்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேருங்கள்.

### பேச்சுப் பதிவிலேயே உயிர் இல்லை

அப்படியென்றால் தாளத்தின் மேல் பழி இல்லை. தாளின் ஓரத்தில், ஒவ்வொரு நான்கு வரிக்கும் எதிரே, இதை யாரிடம் சொல்கிறேன் என்று எழுதுங்கள். அண்ணனிடம், கடன் கொடுத்தவரிடம், பத்து வயதில் இருந்த என்னிடம். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், ஒருவராக இருக்க வேண்டும். 'எல்லோரிடமும்' என்று எழுதினால் அது யாரிடமும் இல்லை. தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் வெர்ஸ்களில்தான் இந்தக் குறை அதிகம் கண்ணில் படுகிறது. எதிரில் ஆள் இல்லாத சவால் வெறும் அறிவிப்பாகிவிடும்.

ஓரத்தில் எழுத ஒருவருமே கிடைக்கவில்லை என்றால் அந்த வெர்ஸைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். செலவு அதிகமான வேலைதான், ஆனால் குரலைத் திட்டிக்கொண்டு மாதங்களைக் கழிப்பதைவிட மலிவு.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதம் ஆகியும் பதிவுகள் அப்படியே இருந்தால் ஒரு பயிற்சியாளரிடம் போகலாம். என் தேர்வு பாட்டு ஆசிரியரைவிட நாடகப் பயிற்சியாளர். இங்கே தேவைப்படுவது சுருதி சுத்தம் அல்ல. ஒரு சொல்லை நினைத்துச் சொல்லும் பழக்கம்.

## வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) பீட்டில் ஒரு பார், அதாவது நான்கு அடி, 2.67 நொடி. நான்கு பாரை ஒரே மூச்சில் சொன்னால் ஏறக்குறைய 10.7 நொடி. 16 பார் உள்ள ஒரு வெர்ஸ் 43 நொடிக்குள் முடிந்துவிடும். இதில் ஒவ்வொரு பாரிலும் பதினாறு அசை திணித்தால் நொடிக்கு ஆறு அசை. இவ்வளவு அடர்த்தியில் மூச்சுக்கு இடம் வைக்காமல் எழுதியிருந்தால் நுரையீரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதே நான்கு பாரை அதே வேகத்தில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

### மெதுவான குரலில் முடிகிறது, உரத்த குரலில் முடியவில்லை

முதல் இரண்டு சொற்களிலேயே காற்றைக் கொட்டிவிடுகிறீர்கள். வெர்ஸின் முதல் வரியைப் பலர் மற்ற வரிகளைவிடச் சத்தமாகத் தொடங்குவார்கள். பதிவின் அலைவடிவத்தைப் பார்த்தாலே அந்த மேடு தெரியும். தொடக்கத்தைக் கொஞ்சம் அடக்கி, கடைசிச் சொல்லுக்குச் சத்தத்தை மிச்சம் வையுங்கள். தோள்கள் மேலே ஏறுகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். ஏறினால் மூச்சு மேல் மார்போடு நின்றுவிடுகிறது. ஒரு கையை இடுப்புக்கு மேல் விலாவில் வைத்து, அந்தக் கை பக்கவாட்டில் விலகும்படி மூச்சிழுத்துப் பழகுங்கள். உட்கார்ந்துதான் பாடுகிறீர்கள் என்றால் முதலில் எழுந்து நில்லுங்கள்.

### மெதுவான குரலிலும் முடியவில்லை

எழுத்தைத் திருத்த வேண்டும். மூச்செடுக்கும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். சாய்கோட்டுக்கு இடமில்லாத வரியில் ஒரு சொல்லை வெட்டுங்கள். 'அந்த', 'ஒரு', 'தான்', 'கூட' போன்றவற்றில் ஒன்றாவது எப்போதும் உபரியாக இருக்கும். மூச்சைப் பொருள் முறியும் இடத்தில் எடுங்கள், சொல்லின் நடுவே எடுக்காதீர்கள். சாய்கோடு போட்ட பிறகு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் மூச்செடுக்க வேண்டும், தேவைப்படாவிட்டாலும் எடுங்கள். தேவை வந்த பிறகு எடுக்கும் மூச்சு எப்போதுமே தாமதமானது.

பதிவில் வரியை இரண்டாகப் பிரித்து எடுத்து ஒட்டலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பாட்டை மேடையில் தனியாகப் பாடப்போகிறீர்களா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வரி முடிவுகளைத் தாங்கிப் பிடிக்க உடன் ஒருவர் இருந்தால் தப்பிக்கலாம்.

மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது, மூச்சில் விசில் சத்தம் வருகிறது, மார்பு இறுக்குகிறது என்றால் இது ராப் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

## வேகமாகப் போனால் சொற்கள் புரியவில்லை

நண்பர் ஒருவரிடம் வரிகளைக் காட்டாமல் பதிவை மட்டும் கொடுத்து, காதில் விழுவதை எழுதச் சொல்லுங்கள். 'புரிகிறதா' என்று கேட்டால் மரியாதைக்குப் புரிகிறது என்றுதான் சொல்வார். எழுதச் சொன்னால் உண்மை வெளிவரும்.

அவர் தவறாக எழுதிய சொற்களைப் பாருங்கள். பெரும்பாலும் நெடில் குறுகியிருக்கும்: பாடம் படமாகவும், நாடு நடுவாகவும், காலம் கலமாகவும் மாறியிருக்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்ததை வேகத்தில் நாக்கு மறந்துவிடுகிறது. அடுத்த சந்தேகம் ஒற்று: விட்டு என்பது விடு என்று கேட்கும். வல்லின ஒற்றில் நாக்கு ஒரு கணம் நின்று அடைத்துத் திறக்க வேண்டும். அந்த நிறுத்தம்தான் வேகமான ராப்புக்கே துடிப்பைக் கொடுக்கிறது. மூன்றாவது, வரியின் கடைசி உகரம் விழுங்கப்பட்டு, பாட்டு 'பாட்' என்று முடிந்திருக்கும்.

எந்த வகைப் பிழை அதிகம் என்று தெரிந்ததும், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை உங்கள் வேகத்தில் பாதியளவுக்குச் சற்று மேலாக வையுங்கள். 90-இல் பாடுவதை 55-இல் தொடங்குங்கள். தப்பில்லாமல் மூன்று முறை வந்தால் ஐந்து கூட்டுங்கள். தப்பு வந்தால் ஐந்து குறையுங்கள். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பழகச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தாடை இறுகும் பழக்கத்தைத்தான் அது கொடுக்கிறது.

மெதுவாகச் சொன்னாலும் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரில் நாக்கு புரளவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள். ழ, ள, ற மூன்றும் அடுத்தடுத்து நெருங்கும் வரி தாளில் அழகாக இருக்கும், வாயில் வராது. சாதாரணப் பேச்சிலும் ஒரு குறிப்பிட்ட ஒலி எப்போதும் பிசகுகிறது, அது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்றால் பேச்சுப் பயிற்சி மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் லேசான பிசகு பலருடைய குரலுக்கு அடையாளமாகவே நின்றிருக்கிறது. அதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

## தாளத்துக்கு முன்னும் பின்னுமாகப் போகிறேன்

உங்களைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகியுங்கள்.

### எல்லா டேக்கிலும் (ஒவ்வொரு முறை எடுக்கும் பதிவிலும்) ஒரே அளவு தாமதம்

கருவிதான். புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதை மாட்டுங்கள். புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்துசேரச் சாதாரணமாக 100 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். 90 பிபிஎம்மில் பாரின் பதினாறில் ஒரு பங்கே 167 மில்லி நொடிதான்; அதில் பாதிக்கு மேல் தாமதமாகப் பீட்டைக் கேட்டுக்கொண்டு யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. கணினியில் பதிவு செய்தால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 என்றால் ஒரு வழிக்கே 21 மில்லி நொடி, 128 என்றால் 3 மில்லி நொடிக்கும் குறைவு. பதிவு செய்யும்போது குறைத்து, மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ளுங்கள். நேரடி மானிட்டர் வசதி (கணினியைச் சுற்றி வராமல் குரலை நேரே காதுக்குத் தருவது) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

### டேக்குக்கு டேக் மாறுகிறது

இது நீங்கள். பெரும்பாலும் இடைவெளிக்குப் பிறகு நுழையும் இடத்தில்தான் தடுமாற்றம் இருக்கும், ஏனென்றால் வாய் மூடியதும் மனம் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. ஸ்நேர் விழும் இடத்தில் மட்டும் கைதட்டிக்கொண்டு, தட்டு நிற்காமல் வெர்ஸைச் சொல்லுங்கள். தட்டு தடுமாறும் வரியைத் தனியாக எடுத்துப் பழகுங்கள்.

## அறையில் கேட்டால் கம்பீரம், பதிவில் சின்னக் குரல்

மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம்தான் முதல் சந்தேகம். கண்டென்சர் மைக் (ஸ்டுடியோவில் வழக்கமான, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் மைக்) என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர், காற்று வெடிப்பைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் நடுவில். அருகே போகப் போகக் குரலில் அடித்தளம் கூடும், விலகினால் மெலியும். ஒரு வரியில் நெருங்கி அடுத்த வரியில் பின்வாங்கும் பழக்கம் இருந்தால் குரல் பெரிதாகியும் சிறிதாகியும் அலையும். காலடியில் ஒரு டேப் ஒட்டி அதிலேயே நில்லுங்கள். 'ப' வரும் இடமெல்லாம் காற்று வெடித்தால் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். உச்ச அளவு மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்கட்டும்.

இதற்குப் பிறகும் மெலிவாக இருந்தால் வெறும் சுவர் உள்ள அறை காரணமாக இருக்கலாம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாருங்கள். புது மைக் வாங்குவது கடைசிப் படி. அதற்கு முன், நல்ல அறையுள்ள ஸ்டுடியோவில் ஒரு மணி நேரம் எடுத்து அதே வெர்ஸைப் பதிவு செய்யுங்கள். அங்கேயும் மெலிந்தே வந்தால் மைக் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

## ஒத்திகையில் நன்றாக வருகிறது, மேடையில் நொறுங்குகிறது

மேடையில் என்ன கேட்கிறது என்று தெரியாமல் பாடுவதுதான் பெரும்பாலான நொறுங்கலுக்குக் காரணம். பாடுகிறவரை நோக்கி வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், ஒலி அமைப்பாளர் அதற்காகத்தான் அங்கே இருக்கிறார். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் குரல் குழம்பும், விசில் போன்ற இரைச்சலும் கிளம்பும். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் வையுங்கள்.

பின்னணி இசையில் உங்கள் முழுக் குரலும் பதிவாக இருந்தால் அதை நீக்குங்கள். ஹூக்கிலும் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) ஆட்லிபிலும் (வரிகளுக்கு இடையே போடும் சின்னக் குரல்கள்) மட்டும் இருக்கட்டும். முழுக் குரலும் ஓடினால் நீங்கள் உங்களையே துரத்திக்கொண்டிருப்பீர்கள், கூட்டத்துக்கும் அது தெரிந்துவிடும்.

வரி மறப்பது இன்னொரு கிளை. முதல் வரியிலிருந்து மட்டுமே பழகினவர்கள் நடுவில் ஒரு சொல் தவறினால் மொத்தமும் தொலைத்துவிடுவார்கள். ஒன்பதாவது பாரிலிருந்து தொடங்குங்கள், பதின்மூன்றிலிருந்து தொடங்குங்கள். நடந்துகொண்டும், கையசைத்துக்கொண்டும், யாராவது குறுக்கே பேசும்போதும் சொல்லிப் பாருங்கள்.

படபடப்பால் வேகம் கூடுகிறது என்றால் மேடையேறும் முன் மூச்சை இழுக்கும் நேரத்தைவிட இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள், சில நிமிடம். முதல் பாட்டாக மூச்சுக்கு நிறைய இடமுள்ள பாட்டை வையுங்கள். வேகமான பாட்டில் தொடங்கி அசத்த நினைப்பது அனுபவசாலிகளுக்கே சறுக்கும் இடம். மேடையை நினைத்தாலே பல நாள் தூக்கம் போகிறது, வாய்ப்புகளை மறுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். இதற்கு அவர்களிடம் முறையான சிகிச்சை இருக்கிறது.

## யாரோ ஒருவரைப்போல ஒலிக்கிறது

பிடித்தவரைப் போலச் செய்து பழகுவது கெடுதல் இல்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். முதல் பதிவில் பேசிய உச்சரிப்பும் மூன்றாவது பதிவில் ராப் செய்த உச்சரிப்பும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். ராப்பில் மட்டும் 'ர' சுருண்டு, 'ட' மென்மையாகிப் போயிருந்தால் அது உங்கள் வாய் அல்ல. பேச்சுப் பதிவைக் கேட்டுவிட்டு உடனே, இடைவெளி விடாமல், ராப் செய்யுங்கள். பதிவு செய்யும் நாளில் மற்றவர் பாடல்களைக் கேட்காதீர்கள்.

## தொண்டை வலிக்கிறது, குரல் கம்முகிறது

இந்த அறிகுறியில் மட்டும் பொறுமை காட்டக் கூடாது.

எளிய காரணம் ஹெட்ஃபோன். பீட் காதை நிறைத்தால் நம்மையறியாமல் கத்துகிறோம். பீட்டைக் குறைத்து, ஒரு காதைத் திறந்து வைத்து அதே வெர்ஸைப் பாடுங்கள். வலி குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த காரணம், ஆவேசத்தைச் சத்தமாக நினைத்துக்கொள்வது. கோபமான வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்த குரலில் ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே பயங்கரமாக வருகிறது. பின்னால் அதன்மேல் ஒரு டபுள் (அதே வரியை மறுபடி பாடிய பதிவு) போட்டால் போதும், கத்தத் தேவையில்லை. கரகரப்பைத் தொண்டையை நெரித்து வரவழைக்கிறவர்கள் அதை ஒரு குரல் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கிற வித்தை அல்ல அது.

பாடும் முன் உதடுகளைப் படபடக்கவிட்டோ, ஒரு ஸ்ட்ராவுக்குள் முனகியோ ஐந்து நிமிடம் குரலைச் சூடாக்குங்கள். நாள் முழுவதும் தண்ணீர் குடியுங்கள். தொண்டையைச் செருமுவதைவிட ஒரு மிடறு விழுங்குங்கள். மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களை வாயில் போட்டுக்கொண்டு பாடாதீர்கள். வலி ஓர் எச்சரிக்கை, அதை மறைத்துவிட்டுப் பாடினால் காயம் பெரிதாகும். கம்மிய நாளில் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது.

கத்திக்கொண்டிருக்கும்போது குரல் திடீரென்று உடைந்தால், வலியே இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே நிறுத்துங்கள். குரல் நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம். பேச்சையும் நிறுத்திவிட்டு, அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கசிவை அவை கூட்டலாம். மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், விழுங்கினால் வலி, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும்.

இவை எதுவும் இல்லாத வெறும் கம்மலுக்கு, அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 4 வாரத்தை எல்லையாக வைக்கிறது. அதற்குள் சரியாகாவிட்டால் குரல் நாணை நேரில் பார்த்தாக வேண்டும். குரலை நம்பிப் பிழைப்பவர்களை அதற்கு முன்பே பார்க்கலாம் என்றும் அது சொல்கிறது. மருத்துவரிடம் போகும்போது கம்முவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பதிவுகளைக் கொண்டுபோங்கள். ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் ராப் செய்கிறீர்கள், எத்தனை மணி நேரம் பேசுகிறீர்கள் என்பதை எழுதி எடுத்துப் போங்கள். நெஞ்செரிச்சல், புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.